பதினாறு அங்குலச் சக்கரங்கள்

என் சரக்கு வண்டியின் சக்கரங்களை ஒருமுறை மாற்றினேன். பதினைந்து அங்குலச் சக்கரங்கள் நான்கையும் கழற்றிவிட்டுப் பதினாறு அங்குலச் சக்கரங்களைப் பூட்டினேன். அதன் விளைவாக, திருடாத ஒரு மனிதருக்குத் திருடன் என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவன் நான். எழுபது வயதைக் கடந்தவன் இதை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஊரில் இந்தக் கதையை இப்போது எனக்குச் சாதகமாகத் திருத்திச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ‘பெரிய மனுசன், தப்ப ஒத்துக்கிட்டாக’ என்கிறார்கள். ஒத்துக்கொள்ள எனக்கு எத்தனை நாள் பிடித்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பரளச்சியை அடுத்த கரிசல் கிராமம் என்னுடையது. மழையை நம்பி மிளகாய், மல்லி, சோளம். மதுரையில் பௌதிகத்தில் பட்டம் பெற்றுவிட்டு, உத்தியோகம் தேடாமல் நிலத்துக்குத் திரும்பியவன். ஊரில் வழக்கு என்றால் என்னைக் கேட்பார்கள். கோயில் பொறுப்பும் என்னிடம்தான். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பேச்சு சுற்று வட்டாரத்தில் உண்டு. அந்தப் பேச்சை நான் நிலத்தைவிடக் கவனமாகக் காத்து வந்தேன்.

வண்டியை ஓட்டியவர் பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், எங்கள் ஊர்க்காரர். அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும் ஈரத் தாளால் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கேட்பார்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. கரிசலில் மழை பெய்தால் வண்டிப் பாதையின் இரு தடங்களும் பள்ளமாகி, நடுவில் மேடு எழும்பிவிடும். மிளகாய் நிலத்துக்கு உரம் ஏற்றிச் சென்ற என் வண்டி அந்த நடுமேட்டில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. என் சித்தப்பா மகனின் டிராக்டர்தான் வந்து இழுத்தது. அதோடு போயிருந்தால் நல்லது. அடுத்த வாரம் திருச்சுழியில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவன் எதிர்வரிசையிலிருந்து உரக்கக் கேட்டான்.

“ஏண்ணே, நீங்க வாங்கியிருக்கது வண்டியா, தவக்களையா? வயிறு தரையிலயே கெடக்கு!”

பந்தி முழுவதும் சிரித்தது. சாம்பார் ஊற்ற வந்தவர்கூட வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சக்கரங்களை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் டயர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஐயா, வீலு வேணாம்ங்கய்யா. நாலு ஆள விட்டு அந்த நடுமேட்டச் செதுக்கிவிட்டாப் போதும். பெரிய வீலப் போட்டா லோடு ஏத்தித் திருப்புறப்ப உரசும்.”

“வண்டி ஒன்னுதா, என்னுதாப்பா?”

“உங்களுதுதாங்கய்யா.”

நான் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளிதழ் படித்தேன். நடுவே ஒருமுறை தலை நிமிர்ந்தபோது, டயர்க் கடைக்காரர் வண்டியின் கதவுக்குள் குனிந்து, மீட்டரைச் சுட்டிக்காட்டி டிரைவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. தொழிலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் எனக்கென்ன வேலை என்று மறுபடியும் செய்திக்குள் புகுந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை இப்போது எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், நாளிதழில் என்ன படித்தேன் என்பது நினைவுக்கு வருவதில்லை.

வண்டி உயர்ந்து, கம்பீரமாக நின்றது. உபரிச் சக்கரமான ஸ்டெப்னியை மட்டும் பழையதாகவே விட்டுவைத்தேன். அது வெளியே தெரியப்போவதில்லையே.

சனிக்கிழமைதோறும் வண்டியின் மீட்டரைப் பார்த்து, ஓடிய தூரத்தையும் ஊற்றிய டீசலையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது என் வழக்கம். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, கார்த்திகையில் பதினொன்றைத் தொடவில்லை. மார்கழியிலும் அப்படியே. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கவனித்தேன். டிரைவரின் மைத்துனர் கிணற்றில் டீசல் எஞ்சின் ஓடுவது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், மீதியை மனம் தானே எழுதிக்கொண்டது.

தை மாதக் கடைசியில், மிளகாய் காயும் களத்தில் வைத்துக் கேட்டேன். தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம். பழம் பொறுக்கும் பெண்கள், மூட்டை தைக்கிறவர்கள், சித்தப்பா மகன் என்று இருபது பேர் இருந்த இடத்தில் கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் நியாயம் என்று அப்போது நினைத்தேன்.

“என்னப்பா, வண்டி டீசலக் குடிக்குதா, வேற யாரும் குடிக்கிறாகளா?”

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஐயா, வீல மாத்துனதுல இருந்து மீட்டரு கம்மியாத்தான் காட்டுது. டயர்க் கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்…”

“வீலு பெருசானா ஊரு பக்கத்துல வந்துருமா?” என்று இடைமறித்தேன். “பரளச்சிக்கும் அருப்புக்கோட்டைக்கும் எம்புட்டுத் தூரமோ அம்புட்டுத்தான். மாட்டுவண்டியில போனாலும் அம்புட்டுத்தான், பஸ்ஸுல போனாலும் அம்புட்டுத்தான். வீலுக்குத் தக்கன ரோடு சுருங்குமா?”

களமே சிரித்தது. காதுகுத்துப் பந்தியில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு இப்போது என் பக்கம் நின்றது. அதன் சுகத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

“அண்ணன் காலேஜுல இதத்தானய்யா படிச்சாக!” என்றான் சித்தப்பா மகன். “அவுககிட்டயே கத விடுறியே, ஒனக்குத் துணிச்சல்தான்.”

டிரைவர் துண்டை மடித்தார், மறுபடி விரித்தார்.

“எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியலைங்கய்யா. ஆனா நான் எடுக்கலை.”

“எடுக்கலைன்னா, கருப்பன் கல்லுல சூடத்த அணைச்சுச் சொல்லு.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. களவுக் குற்றம் சாட்டப்பட்டவர் ஊர் எல்லையில் இருக்கும் கருப்பசாமியின் பலிகல்லில் சூடம் ஏற்றி, எரியும் சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். குற்றம் சாட்டியவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். முப்பது நாள் கெடு. அதற்குள் சத்தியம் செய்தவர் வீட்டில் ஒரு கேடு நடந்தால் அவர் சொன்னது பொய். நடக்காவிட்டால் குற்றம் சாட்டியவர் அதே கல்லில் சூடம் அணைத்துத் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. நம்பாத ஒன்றை இன்னொருவர் தலையில் சுமத்த எனக்குத் தயக்கமும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் சத்தியம் நடந்தது. சூடம் எரிந்தது. கையைச் சட்டென்று வைத்தெடுத்தால் சூடு தோலில் இறங்காது, இதற்குத் தெய்வம் காரணமல்ல என்று அருகில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் கையைச் சட்டென்று எடுக்கவில்லை. வைத்த கையை வைத்தபடியே பேசினார்.

“ஐயா வண்டியில ஒரு சொட்டு டீசலு நான் எடுத்ததில்லை. எடுத்திருந்தா என் வீடு வெளங்காமப் போகட்டும்.”

பிறகு சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதைக் கருகிய கல்லின்மேல் வைத்துவிட்டு நடந்துபோனார். குனிந்து நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நாள் அவருடைய பசுமாடு செத்தது. அறுத்த சோளத்தட்டையின் அடியில், தண்ணீரில்லாமல் வாடிய தூரிலிருந்து கிளம்பும் குருத்து நஞ்சு. அதை மேய்ந்த மாடு வாயில் நுரை தள்ளி, கால் மணி நேரத்தில் விழுந்துவிடும். கரிசலில் மாடு வளர்க்கும் எவருக்கும் இது தெரியும். அந்தக் குருத்தில் இருக்கும் நஞ்சின் பெயர்கூட எனக்குத் தெரியும். ஆனால் அன்று ஊர் சோளத்தைப் பற்றிப் பேசவில்லை. ‘சாமி கேட்டுருச்சு’ என்றது. கோயிலில் இரண்டு பேர் என்னிடமே வந்து, “நீங்க என்ன சொல்றீக?” என்று கேட்டார்கள்.

“சாமி காரியத்துல நான் என்ன சொல்ல?” என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் கதை முடிந்தது. சுற்றுப்பட்டில் யாரும் அவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை. காரியாபட்டிச் சந்தையில் மூட்டை தூக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இருபத்தைந்து ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்த மனிதர்.

பாலவனத்தத்திலிருந்து வேறொரு டிரைவரை அமர்த்தினேன். அவர் ஓட்டியும் வண்டி பதினொன்றைத் தொடவில்லை. அந்த இடத்திலாவது எனக்கு அறிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரும் எடுக்கிறார் என்றுதான் தோன்றியது. பங்குனி முதல் வாரம், மிளகாய் வற்றல் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் புறப்பட்ட நாளில், நானே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கண் முழுதும் மீட்டரில்.

பாலவனத்தம் தாண்டியதும் சாலையோரக் கிலோமீட்டர் கல் ஒன்றைக் கடந்தோம். மீட்டரைப் பார்த்தேன். அடுத்த கல் வந்தது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் முழுதாகத் திரும்பவில்லை. இன்னும் ஒரு கல். இன்னும் ஒன்று. கற்கள் முந்திக்கொண்டே போயின. என்னை அறியாமல் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். நெடுஞ்சாலையில் நட்ட கற்கள் பத்தைக் கடந்தபோது, மீட்டர் ஒன்பதுதான் ஓடியிருந்தது.

“வண்டிய நிறுத்துப்பா. ஸ்டெப்னிய எறக்கு.”

“பஞ்சரு இல்லையேய்யா?”

“எறக்குன்னா எறக்கு.”

மூட்டை கட்டும் கயிறு ஒன்றை எடுத்து, பின்சக்கரத்தின் டயரைச் சுற்றி அளந்து முடிச்சிட்டேன். அதே கயிற்றைப் பழைய ஸ்டெப்னியைச் சுற்றிப் பிடித்தேன். ஒரு சாண் கயிறு மிஞ்சியது. சாலையோரப் புழுதியில் முழங்காலிட்டு, வெள்ளை வேட்டியோடு, அந்த ஒரு சாண் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பழைய சக்கரத்துக்குச் செய்துவைத்த கணக்கை அது புதிய சக்கரத்துக்கும் போடுகிறது. பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றியே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். மீட்டர் தூரத்தைக் குறைத்துச் சொல்லும். டீசல் எங்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் இது. வட்டத்தின் சுற்றளவு. டயர்க் கடைக்காரர் அறிந்திருந்தார், டிரைவர் அறிந்திருந்தார், சொல்லியும் பார்த்தார். பட்டம் பெற்றவன் களத்தில் நின்று, ரோடு சுருங்குமா என்று கேட்டுச் சிரிக்க வைத்தான்.

அன்றே ஊருக்குத் திரும்பி உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. நான் முதலில் செய்தது, புதிய டிரைவரிடம் “இத வெளிய பேசாத” என்று சொன்னது. பிறகு ஒன்பது நாட்கள் சும்மா இருந்தேன். கயிற்றை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கயிற்றைப் பூட்டி வைக்கும் மனிதனை என் மனைவி அதுவரை பார்த்ததில்லை. “அதுல என்ன கட்டிவச்சிருக்கீக?” என்று கேட்டாள். சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காரியாபட்டிச் சந்தைக்குப் போனேன். பழைய டிரைவரின் வீடு எங்கள் ஊரில்தான், இரண்டு தெரு தள்ளி. அங்கே போனால் ஊர் பார்க்கும்.

வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துத் தலைப்பாகையை அவிழ்த்தார்.

“வாங்கய்யா. லோடா?”

“இல்லப்பா. ஒன்னியத்தான் பாக்க வந்தேன்.” குரலைத் தாழ்த்தினேன். “மீட்டர்ல ஒரு சின்னக் கோளாறு இருந்துருக்கு.”

“கோளாறு மீட்டர்லயாங்கய்யா?”

நான் கடைத்தெருவைப் பார்த்தேன்.

“வண்டிக்கு வந்துரு. பழையபடி ஓட்டு. வீட்டுல சினைப்பசு ஒன்னு நிக்குது, அதையும் ஓட்டிட்டுப் போ.”

“வண்டிக்கு வரச் சொல்றீக. ஊருக்குள்ள எப்படிங்கய்யா நடமாட? எம் பொண்டாட்டி தண்ணிக்குப் போனா, கொடத்தத் தள்ளி வைக்காளுக.” குரலை உயர்த்தாமலே பேசினார். “மாடு சோளக் குருத்தத் தின்னுதான் செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க படிச்சவுக. ஒத்த வார்த்த சொல்லலையே.”

“தெரியும்பா. சொல்லாதது தப்புத்தான். அதத்தான் இப்ப ஒன்கிட்டச் சொல்ல வந்தேன்.”

“என்கிட்டச் சொல்லி என்னத்துக்குய்யா? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. எங்க சொன்னீகளோ, அங்க சொல்லுங்க.”

மறுபடியும் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

பங்குனிப் பொங்கலன்று கருப்பசாமி கோயிலில் ஊர் கூடியது. பானைகள் பொங்கி முடித்த பிறகு, எல்லோரையும் இருக்கச் சொன்னேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ‘சக்கரத்தின் விட்டம் கூடுமிடத்து’ என்று தொடங்கும் தாள். வட்டம், விட்டம், சுற்றளவு, மீட்டரின் அமைப்பு என்று படித்துக்கொண்டே போனேன். ஒரு பக்கம் முடிந்தது. முன்வரிசையில் கண் தெரியாத ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளை இடித்துக் கேட்டாள்.

“என்னத்தா வாசிக்காக? கோயிலு வரவு செலவா?”

“தெரியலத்தா. வீலு வீலுங்காக.”

சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். தாளைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் என் தவறு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. சக்கரத்தையும் மீட்டரையும் முன்னால் நிறுத்திவிட்டு நான் அவற்றின் பின்னால் நின்றிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“அவரு டீசல் எடுக்கலை,” என்றேன். “நான் பொய்க் குத்தம் சொன்னேன். அவரு சொன்னத நான் கேக்கலை. மாடு செத்தது சோளக் குருத்தால. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்.”

பூசாரி சூடத்தை எடுத்துக் கல்லில் வைக்கலாமா, வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் கோயில் பொறுப்பில் இருந்தவர் எவரையும் அந்தக் கல்லின் முன் நிறுத்தியதில்லை. வையுங்கள் என்று தலையசைத்தேன். பற்றவைத்தார். கையைச் சட்டென்று வைத்தெடுக்கலாம். அதற்கான பௌதிகம் எனக்குத் தெரியும். டிரைவர் அன்று வைத்தபடி வைத்தேன். அவர் அன்று இரண்டு வாக்கியங்கள் பேசியிருந்தார். என்னால் ஒன்றுக்குமேல் தாங்க முடியவில்லை.

கூட்டத்தின் பின்னால் அவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். ஊர் கலையும்போது அந்த அம்மாள் என்னைக் கடந்து நடந்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “கல்லுக்கு அன்னைக்கே தெரியும். ஊருக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு.” டிரைவர் மட்டும் ஒரு கணம் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“கைக்கு வெளக்கெண்ணெய போடுங்கய்யா,” என்றார். “தண்ணியில வைக்காதீக.”

சினைப்பசுவை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் வண்டிக்கும் திரும்பவில்லை. மறுவாரம் நடுமேட்டைச் செதுக்க நான்கு ஆட்களை அனுப்பினேன். பழைய சக்கரங்களைத் திரும்பப் பூட்டினேன். அரைநாள் வேலைதான், பாதை சீராகிவிட்டது.

சித்திரையில், பாலவனத்தத்தில் சிமெண்ட் வியாபாரம் செய்யும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என் பழைய டிரைவரைத் தன் வண்டிக்கு அமர்த்தியிருப்பதாகச் சொன்னார். எதைக் கேட்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்து, அவர் கேட்கும் முன்பே சொன்னேன்: “அவர நீங்க தாராளமா நம்பலாம். நான் எழுதிக்கூடக் கொடுக்கேன்.”

“அதுக்குக் கூப்பிடலைங்க,” என்றார். “ஆளப் பத்திக் கோயில்ல நடந்ததக் கேள்விப்பட்டுத்தான் சாவியவே குடுத்தேன். வண்டிக்குப் பெரிய வீலு மாத்தலாம்னு இருக்கேன். அவருதான், ‘அதுக்கு முன்னால எங்க பழைய முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, அவுக போட்டுப் பாத்தவுக’ன்னாரு.”

அதைச் சொல்லும்போது டிரைவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறேன். கேலியாகவும் இருக்கலாம். வெறும் அக்கறையாகவும் இருக்கலாம்; பதினொரு ஆண்டுகளில் அவர் முகத்தை நான் நின்று பார்த்ததில்லை.

“அவரு என்ன சொல்றாரு, போடலாம்ங்காரா, வேணாம்ங்காரா?” என்று கேட்டேன்.

“வேணாம்ங்காருங்க. லோடு ஏத்துனா உரசுமாம்.”

“அப்பப் போடாதீக,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். உள்ளங்கைப் புண் அப்போதுதான் ஆறி வந்துகொண்டிருந்தது.